கடவுள் எப்பாலினர்?
தமிழ் விவிலியத்தின் இறைப்பெயர்கள் பற்றிய ஒரு நோக்கு

பத்தாம் வகுப்பிலே திணை, பால் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்த ஒருநாள் மாணவனொருவன் எழுந்து, "ஐயா, கடவுள் என்னும் சொல் எப்பால்?" என வினவினான். யான் விடை பகருமுன்னரே பிறிதொருவன், "நமக்கு அம்மையப்பர், கிறித்தவர்க்கு ஆண்பால் மட்டுமே" என்றான். வகுப்பு நகைத்தது. அவ்விடையின் பிற்பாதி பொருந்தாது என்பதை விளக்குதற்குப் பாடசாலை மணி இடந்தரவில்லை. அன்று நின்ற கடனை ஈண்டுத் தீர்க்க முற்படுகின்றேன்.

முதலில் இலக்கணத்தை நோக்குவாம். தெய்வத்தைச் சுட்டும் பெயர்களுக்குப் பால் உணர்த்தும் ஈறு தமக்கென இல்லை. அவை உயர்திணைக்குரிய பாற்பாகுபாட்டின்வழி வழங்கும் என்பது தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறும் விதி. 'கடவுள்' என்ற அளவில் ஆணோ பெண்ணோ என்பது புலனாகாது. முடிக்கும் வினையே அதனைக் காட்டும்.

இவ்வியல்பு வாய்ந்த மொழியிற் கிறித்தவ வேதத்தைப் பெயர்த்தோர் யாது செய்தனர்? கத்தோலிக்கர் நெடுங்காலம் 'சர்வேசுரன்' என்றனர். பதினெட்டாம் நூற்றாண்டிலே பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். 1871 இல் வெளிவந்த பதிப்பு 'தேவன்' என்றது. மூன்றும் அன் ஈறு பெற்ற ஆண்பாற் பெயர்களே. இம்முயற்சிகள் நமக்கு முற்றும் புறம்பானவையுமல்ல. பேர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்புக்கு நம் ஆறுமுக நாவலர் துணைநின்றதையும், அது 1850 இல் அச்சேறியதையும் யாவரும் அறிவர்.

1871 ஆம் ஆண்டுப் பதிப்பில் நுணுகி நோக்கத்தக்க ஒன்றுண்டு. எழுவாய் 'தேவன்' என ஒருமை ஆண்பாலில் நிற்க, பயனிலை 'ஆர்' ஈற்று உயர்வுப் பன்மையில் முடிகின்றது. பெயர் ஆண்பாலைக் காட்ட, வினை அதனை மறைக்கின்றது. பின்னர் 1995 இல், கத்தோலிக்கரும் பிற திருச்சபையாரும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியம் 'கடவுள்' என்ற சொல்லையே ஆண்டது. அதனால் இம்முரண் நீங்கிற்று. தொல்காப்பியர் வகுத்த வழியிலே கிறித்தவத் தமிழ் வந்து சேர்ந்தது என்று கூறலாம்.

'பெயர் மாறினும் பிதா என்பது மாறவில்லையே, பிதா ஆண்பாலன்றோ?' என்பது அடுத்த வினா. இதற்கு விடை பழைமையானது. நான்காம் நூற்றாண்டிலே நாசியான்சஸ் நகரத்துக் கிரெகோரி என்னும் திருச்சபைத் தந்தை, இறைவன் தந்தை எனப்படுதலால் அவர் ஆணென்று கருதுவோரை எள்ளி நகையாடினார். கிரேக்க மொழியிலே தெய்வத்தன்மை என்ற சொல் பெண்பால். ஆவி என்ற சொல் இருபாலுமற்றது. சொல்லின் பாலைப் பொருளின்மேல் ஏற்றினால் விளையும் நகைப்பை அவர் எடுத்துக்காட்டினார். தந்தை என்பது உறவைக் குறிக்கும் பெயர் என்பதே அவர்தம் துணிபு.

இத்துணிபு நம்மவர்க்கு விளங்காததொன்றன்று. குருக்கள்மடத்திற்குத் தெற்கே அடுத்துள்ள செட்டிபாளையத்திலே கண்ணகை அம்மன் கோயில் உளது. வைகாசிக் குளிர்த்தியின்போது அங்கு கூடுவோர் அனைவரும் அவளைத் தாயே என்றழைப்பர். கண்ணகி தம்மைப் பெற்றாள் என்று அவருள் எவரும் கருதுவதில்லை. அழைப்பவர்க்கும் அழைக்கப்படுபவர்க்கும் இடையுள்ள உறவே அச்சொல்லின் பொருள். நமக்குத் தாய் என்ற சொல் இவ்வாறு பொருள்படுமாயின், அவர்க்குத் தந்தை என்ற சொல் அவ்வாறு பொருள்படாதோ? மேலும், இவ்வாவிக்கரையிலே குடி தாய்வழியே வருவது. தாயின் குடியே பிள்ளையின் குடி. வீடு மகளுக்குச் சீதனமாகும். தந்தை பிள்ளைக்குக் குடியை அளிப்பதில்லை; அன்பையும் காவலையுமே அளிக்கின்றான். 'பரமபிதா' என்ற சொல் இங்கு வாழும் கிறித்தவர் செவியிலே வமிசத் தலைவனை நினைவூட்டாது, அன்புடைய காவலனையே நினைவூட்டும் எனக் கொள்ளுதல் தகும்.

தூய ஆவியைப் பற்றிய வழக்கும் இதனை வலியுறுத்தும். ஆவியைக் குறிக்கும் சொல் எபிரேயத்திற் பெண்பால், இலத்தீனில் ஆண்பால். தமிழில் 'ஆவி' அஃறிணைச் சொல். எனினும் தமிழ்க் கிறித்தவர் 'ஆவியானவர்' என்றும் 'ஆவியார்' என்றும் கூறி அதனை உயர்திணையாக்கினர். ஆணெனவும் பெண்ணெனவும் கூறாது ஆள்தன்மையை மாத்திரம் உணர்த்தும் வசதி நம் மொழியின் 'ஆர்' ஈற்றுக்கு உண்டு.

இத்துணை கூறியபின் ஒரு குறையையும் கூறாதொழிதல் நடுநிலையாகாது. 1992 இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், இறைவன் ஆணுமல்லர் பெண்ணுமல்லர் எனத் தெளிவாகக் கூறுகின்றது. ஏசாயா என்னும் தீர்க்கதரிசி இறைவனன்பைத் தாயன்போடு ஒப்பிட்டார். இயேசுவும் தம்மைக் குஞ்சுகளைச் சிறகிற் சேர்க்கும் கோழியோடு ஒப்பிட்டார். ஆயின் இவையாவும் உவமைகள். செபத்திலே வரும் விளி தந்தை என்பதே. தாய் உவமையாக நிற்கத் தந்தை விளியாக நிற்கும்போது, கொள்கை மறுத்த ஆண்மையை வழக்கம் மீண்டும் ஏற்றிவிடுகின்றது. மணிவாசகர் முதலியோர் இறைவனைத் தாயெனவும் தந்தையெனவும் நேரே விளித்தனர். இவ்வேறுபாடு சிறிதன்று.

ஆனால், இதுகொண்டு நாம் செருக்குறுதற்கு இடமில்லை. இறைவனை மாதொருபாகன் என்று போற்றும் நம் ஆகமக் கோயில்களிலும் கருவறையுட் பூசை செய்வோர் ஆடவரே. அவர் தந்தையென்று மட்டும் அழைத்தனர். நாம் அம்மையப்பர் என்றழைத்தோம். அழைப்பு வேறுபட்டும், பீடத்தருகே பெண்ணுக்குக் கிடைத்த இடம் பெரிதும் வேறுபடவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை இன்றும் பெண்களைக் குருக்களாக்குவதில்லை. பிற திருச்சபைகள் சில அத்தடையை நீக்கிவிட்டன. இவ்வகையில் அவர்தம் ஒரு சாரார் நம்மை முந்தினர் என்பதை ஒப்புதல் வேண்டும்.

ஆகவே, அன்று நகைத்த வகுப்புக்கு யான் கூறும் விடை இது. கடவுள் என்னும் சொல் தன்னளவிற் பால் காட்டாதது. கிறித்தவ ஞானிகளும் நம் இலக்கணமும் இதில் உடன்படுகின்றன. அயலார் சமயத்தை அறியாது நகைத்தலை விடுத்து, ஆண் பெண் என்னும் வேறுபாட்டைக் கடந்த ஒருவரை வணங்குகின்றோம் என்னும் நாம், அவ்வேறுபாட்டை அவர் சந்நிதியிலே ஏன் காக்கின்றோம் என்று வினவுவதே மாணவர்க்கு அழகாகும். அவ்வினா இரு சாராருக்கும் உரியது.