ஆடையிலிருந்து கைப்பைக்கு: ஜில் சாண்டரின் எளிமை பற்றி ஒரு நோக்கு

இலக்கியத்தையும் நாடகத்தையும் ஓவியத்தையும் சமூக உற்பத்தியின் விளைபொருள்களாக நோக்கப் பழகிவிட்ட நாம், உடுக்கும் உடையை மாத்திரம் விமர்சனத்துக்கு அப்பால் ஒதுக்கி வைத்துள்ளோம். உடை பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் இரு வகையின. ஒன்று விளம்பரம்; மற்றையது அறவுரை. செல்வர்க்கென ஆக்கப்படும் விலையுயர்ந்த உடை பற்றியோவெனில் அறவுரையே மிகுதி. விலையைச் சொல்லிக் கண்டித்தவுடன் விமர்சகரின் கடமை முடிந்துவிடுகின்றது. மகாபொலப் புலமைப்பரிசிலைக் கொண்டு மாதத்தைக் கடத்தும் ஒருவருக்கு அக்கண்டனம் மிக எளிது. ஆயின் அவ்விலைக்குள் உண்மையில் விற்கப்படுவது யாது, அது காலப்போக்கில் எவ்வாறு வேறொன்றாகின்றது என்னும் வினாக்களுக்கு அதனால் விடை கிடைப்பதில்லை.

ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுவது ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலே தோன்றிய ஜில் சாண்டர் நிறுவனம். மேலைநாட்டார் மினிமலிசம் என்றழைப்பது, வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு செல்லும் கலைநெறி. ஆடைத்துறையில் அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும் பெயர்களுள் ஜில் சாண்டர் முதன்மையானது. அத்தகைய நிறுவனமொன்று தன் வாணிபச் சுமையை ஆடையிலிருந்து இறக்கி, கைப்பை, சப்பாத்து, இடுப்புவார் முதலாய துணைப்பொருள்களின்மீது ஏற்ற முனையும்போது அதன் எளிமைக்கு நேர்வது யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

1943இல் பிறந்த சாண்டர் அம்மையார் கிரேஃபெல்ட் நகரிலே நெசவுப் பொறியியல் கற்றவர். இது மனங்கொள்ளத்தக்கது. வடிவத்தை வரைந்துவிட்டு அதற்கேற்ற துணியைத் தேடுவோர் பலர். துணியை அறிந்து அதிலிருந்து வடிவத்துக்குச் சென்றவர் இவர். சஞ்சிகைகளிற் பணியாற்றியபின் 1960களின் பிற்பகுதியில் ஹம்பேர்க்கிற் சிறு கடையொன்றைத் திறந்தார். 1973இல் தம் பெயரில் முதல் ஆடைத் தொகுதியை வெளியிட்டார். 1975இற் பாரிஸிற் காட்டியபோது அவை எடுபடவில்லை. 1980களிலே, அலுவலகங்களின் உயர்பதவிகளிற் பெண்கள் அமரத் தொடங்கியபோதுதான் அவருக்குரிய உடுப்போர் பெருகினர். அலங்காரப் பொருளாகப் பார்க்கப்பட விரும்பாத, அதேவேளை ஆண்களின் உடையை இரவல் வாங்கவும் விரும்பாத பெண்கள் அவர்கள்.

இவ்வெளிமையைச் சிக்கனம் என்று மயங்கிவிடலாகாது. பூவேலையும் சரிகையும் நிறைந்த சட்டையிலே தையற்பிழை மறைந்துகொள்ளும். ஒரு பூணும் இல்லாத மேற்சட்டையிலோ தோள்மூட்டில் அரை விரல் பிசகினாலும் கண்ணுக்குத் தெரியும். எனவே கழிக்கப்பட்ட ஒவ்வோர் அலங்காரத்தின் இடத்தையும் நல்ல துணியும் தேர்ந்த வெட்டும் நிரப்பியாக வேண்டும். சாண்டரின் ஆடை விலையுயர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பெயருக்காகக் கொடுத்த விலை அதில் இல்லையென்று நான் கூறவரவில்லை. ஆயினும் கணிசமான பங்கு துணிக்கும் கைக்கும் போயிற்று என்பதை மறுக்க இயலாது. இவ்வாடைகளை நான் நிழற்படங்களிலன்றி நேரிற் கண்டதில்லை. ஆகையால் துணியின் தொடுகை பற்றிப் பேசும் தகுதி எனக்கில்லை. வெட்டின் தருக்கம் பற்றி மட்டுமே பேசலாம்.

அத்தருக்கத்தின் உச்சமாக 1993இற் பாரிஸின் மொந்தேய்ன் வீதி 50ஆம் இலக்கத்திலே திறக்கப்பட்ட கடையைக் கூறலாம். துணியைக் குறுக்காக வெட்டி உடலோடு இயைத்த மடலின் வியொனே முற்காலத்திற் தொழில் நடத்திய அதே மனை அது. கட்டடக் கலைஞர் மைக்கல் கபெலினி அதனை வெளிச்சமும் வெறுமையும் நிறைந்த கூடமாக ஆக்கினார். கடை முழுவதும் பண்டத்தால் நிரம்பவேண்டும் என்னும் வாணிப விதி அங்கே தலைகீழாக்கப்பட்டது. வந்தவர் ஆடையை எடுத்து, உள்ளே சென்று, அணிந்து, கண்ணாடிமுன் நின்று பார்த்தே அதனை அறிய முடியும். அக்கடையில் விற்பனையின் மையம் அணிந்துபார்க்கும் அறையே எனலாம்.

அணிந்துபார்க்கும் அறைதான் கணக்காளரின் கண்ணுக்கு முதலில் உறுத்துவது. ஒரு மேற்சட்டையை ஒரு நிறத்தில் விற்பதற்கே ஆறேழு அளவுகளைக் கடைக்காரர் கையிருப்பில் வைத்தல் வேண்டும். நிறம் இரண்டாயின் கையிருப்பும் இரட்டிப்பு. நடு அளவுகள் விற்றுப்போக ஓரத்து அளவுகள் தேங்கும். பருவம் முடிந்ததும் அவற்றை விலை குறைத்துத் தள்ள வேண்டும். விலை குறையப் பெயரும் சிறிது குறையும். நீளம் குறைக்கவும் இடை பிடிக்கவும் தையற்காரர் வேண்டும். கைப்பைக்கோ அளவில்லை, பெரும்பாலும் பருவமுமில்லை. மெலிந்தவரும் தடித்தவரும் இருபது வயதினரும் எழுபது வயதினரும் அதே பையைத் தோளில் மாட்டலாம். விமானத்தில் வந்திறங்கிய பயணி பத்து நிமிடத்தில் வாங்கிச் செல்லலாம். அளவு தெரியாமலே பிறருக்குப் பரிசளிக்கலாம். மேற்சட்டையின் விலை எட்டாதவருக்கு ஒரு சிறு பணப்பையின் விலையேனும் எட்டும். நான்கு அடி அலுமாரித்தட்டொன்று ஓர் ஆடைக் கொடியைவிட அதிகம் சம்பாதிக்கும். சொகுசுப்பொருள் நிறுவனங்கள் துணைப்பொருளை நோக்கித் திரும்புவது யாரோ ஒருவரின் சுவைக் குறைவினாலன்று. பண்டத்தின் இயல்பே அவற்றை அத்திசையில் இழுக்கின்றது.

இழுக்கப்படும்போது மாறுவது கணக்கு மட்டுமன்று. ஆடையின் மேன்மையை முதலில் அறிபவர் அதனை உடுத்தவர். தோளில் அது இருக்கும் விதத்தையும் உள்துணி நழுவும் விதத்தையும் அவரே உணர்வார். கைப்பையின் மேன்மையை முதலில் அறிபவர் எதிரே வருபவர். ஆடை உடலோடு உறவுகொள்வது. பை உடலிலிருந்து பிரிந்து தொங்குவது. அடையாளம் காட்டாமையையே அடையாளமாகக் கொண்ட ஒரு நிறுவனத்துக்கு இவ்வேறுபாடு உயிர்நிலையானது.

1999இல் நிகழ்ந்ததை இப்பின்னணியில் நோக்குதல் வேண்டும். அவ்வாண்டு இத்தாலியின் பிராடா நிறுவனம் ஜில் சாண்டரின் வாக்குரிமைப் பங்குகளில் 75 வீதத்தை வாங்கியது. பங்குச்சந்தையில் 1989 முதலே இருந்துவந்த நிறுவனம் அது. அதே ஆண்டில், எளிமைக்குப் பெயர்பெற்ற இன்னொருவரான ஹெல்முட் லாங்கின் நிறுவனத்திலும் 51 வீதம் பிராடாவின் கைக்குச் சென்றது. இரு நிறுவனங்களும் வந்த பாதைகள் எதிரெதிரானவை. சாண்டர் துணியிலிருந்து வந்தவர். பிராடாவோ 1913இல் மிலான் நகரிலே தோற்பொருட் கடையாகத் தொடங்கியது; 1984இல் மியூச்சா பிராடா ஆக்கிய கறுப்பு நைலோன் பையாற் பெரும்புகழ் ஈட்டி, 1988இலேயே பெண்களுக்கான ஆயத்த ஆடைக்கு வந்தது. பிராடாவுக்கு ஆடையென்பது பையை அடுத்து வந்த கலை. பிற்காலத்திலும், 2011இல் ஹொங்கொங் பங்குச்சந்தையில் அது இடம்பெற்ற காலத்தில், அதன் வருவாயிற் பாதிக்குமேல் தோற்பொருளிலிருந்தே வந்தது. தோலிலும் சப்பாத்திலும் தனக்கிருந்த உற்பத்தி ஆற்றலைப் புதிதாக வாங்கிய பெயர்களுக்கும் விரிப்பதே அதன் திட்டம்.

சில மாதங்களுள், 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சாண்டர் தம் பெயரைத் தாங்கிய நிறுவனத்தைவிட்டு வெளியேறினார். பிராடாவின் தலைவர் பத்ரிட்சியோ பெர்தெல்லியோடு அவருக்கு மூண்ட பிணக்கிலே துணிக்கான செலவு முக்கிய இடம் பெற்றதென்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. பெயர் போதும், பெயருக்குரியவர் இல்லாமலும் நடத்தலாம் என்பது பெர்தெல்லியின் கருத்தாக இருந்தது. நிறுவனம் நட்டத்தில் வீழ்ந்தது. 2003இற் சாண்டர் மீள அழைக்கப்பட்டார். 2004இல் மீண்டும் வெளியேறினார். 2005இல் லாங்கும் தம் நிறுவனத்தைவிட்டு நீங்கினார். துணிக்கான செலவு பற்றிய இப்பிணக்கை இருவரின் குணமுரண்பாடாகச் சித்திரிப்போர் பலர். அதனை நான் ஏற்கவில்லை. ஆடையே பண்டம் என்றால் துணியிற் செலவைக் குறைப்பது பண்டத்தையே குறைப்பதாகும். ஆடை, பையை விற்பதற்கான திரைச்சீலை மட்டுமே என்றால், துணியைச் சற்றுக் குறைத்தாற் கேடில்லை. இருவரும் ஒரே நிறுவனத்தில் இருவேறு பண்டங்களைக் கண்டனர்.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழும். சாண்டரை வணிகத்தாற் கறைபடாத கலைஞராகக் காட்டுவது வரலாற்றுக்கு முரணாகாதா? முரணாகும். 1979இலேயே அவர் தம் பெயரில் வாசனைத்திரவியத்தை வெளியிட்டவர். அதன் விளம்பரத்துக்குத் தம் முகத்தையே கொடுத்தவர். ஆடையை வாங்க முடியாதோர்க்குப் பெயரை ஒரு போத்தலில் அடைத்து விற்கும் உத்தியை அவருக்குப் பிராடா கற்பிக்கவேண்டியிருக்கவில்லை. ஆகையால் சிறுபொருள் விற்றாரா, இல்லையா என்று கேட்பது பயனற்றது. எது எதனைத் தாங்குகின்றது என்பதே கேட்கத்தக்கது. போத்தல் ஈட்டியது ஆடையின் துணிக்குச் செலவாகும்வரை சிறுபொருள் வேலையாள். ஆடை வெறுங் காட்சிக்கு நடத்தப்பட்டுப் பையே விற்பனைக்கு வரும்போது வேலையாள் வீட்டுக்காரராகிவிடுகின்றார்.

பையும் எளிமையாக இருக்கலாமே என்பது இரண்டாவது மறுப்பு. இது முன்னதைவிட வலுவானது. 2008இற் செலின் நிறுவனத்தின் பொறுப்பையேற்று 2017வரை நடத்திய ஃபீபி ஃபைலோ, ஆடையிலும் பையிலும் ஒரே கட்டுப்பாட்டைக் காத்தவர். அவருடைய பைகளிற் பெயர் சிறு எழுத்திற் பொறிக்கப்பட்டிருந்ததேயன்றிக் கூவவில்லை. ஆயினும் நிகழ்ந்தது யாது? இருபுறமும் சிறகு விரித்த அப்பையின் உருவமே எழுத்தாயிற்று. தெருவின் மறுபக்கத்தில் நிற்பவரும் அதனை வாசித்தார். பெயரை நீக்கினும் குறி நீங்கவில்லை. வாசிக்கத் தெரிந்தோர் வட்டம் மட்டும் சுருங்கிற்று, அவ்வளவே. வட்டம் சுருங்கியதே அதன் விலையாயிற்று. ஃபைலோவின் ஆடைகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர்தம் வெற்றியை எளிமையின் வெற்றியெனக் கொண்டாடுவோர், எந்தப் பண்டத்தின் வெற்றி அது என்பதையும் கூறியிருக்க வேண்டும்.

பெயரைக் கீழிறக்குவதற்குப் பையன்றி வேறு வழியும் உண்டு என்பதற்குச் சாண்டரே சான்று. 2009இல் அவர் யப்பானின் யுனிக்லோ நிறுவனத்துக்காகப் பிளஸ் ஜே என்னும் தொகுதியை ஆக்கினார். அது 2011வரை நடந்தது. 2020இல் மீண்டும் ஒருமுறை தொடர்ந்தது. அங்கே அவர் பெயர் பொறித்த பையை முன்னிறுத்தவில்லை. மேற்சட்டை, வெள்ளைச் சட்டை, குளிர்கால மேலங்கி ஆகியவற்றையே, தோளும் கழுத்தும் அளவறிந்து வெட்டி, சாதாரண ஊழியரின் கைக்கெட்டும் விலைக்குக் கொடுத்தார். துணி குறைந்தது, வெட்டு பெருமளவு நின்றது. சொகுசுக் கடையின் பணப்பையை வாங்கியவருக்குக் கிடைத்தது பெயர். பிளஸ் ஜே வாங்கியவருக்குக் கிடைத்தது கலையின் ஒரு பகுதி. பணம் குறைந்தவருக்கு எதனைக் கொடுப்பது என்பதில் இரு வழிகளும் கொண்ட கருத்து வெவ்வேறு.

எனினும் இதனையும் முழுமனதோடு புகழ முடியவில்லை. மலிவுவிலை ஆடையின் மலிவு எங்கிருந்து வருகின்றது? யுனிக்லோவின் உற்பத்தி பெரும்பாலும் சீனத்திலும் தென்கிழக்காசியத் தொழிற்சாலைகளிலும் நடப்பது. ஐரோப்பியத் தையற்காரரின் கூலியில் மிச்சம் பிடித்தது ஆசியத் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருக்கும் பெண்ணின் மணித்தியாலத்திலிருந்து வருகின்றது. ஆடைத் தொழிற்சாலைகளுக்கு அக்காமாரை அனுப்பிய வீடுகள் இந்நாட்டிலே நிறைய உண்டு. அவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வெட்டு மக்களுக்கு வந்தது. அதை வெட்டியவருக்கு வந்தது யாது என்ற கணக்கு எந்தக் கடையின் கண்ணாடிப் பேழையிலும் வைக்கப்படுவதில்லை.

ஜில் சாண்டர் நிறுவனமோ கைமாறிக்கொண்டே வந்தது. 2006இற் பிராடா அதனை விற்றது. 2008இல் யப்பானின் ஒன்வார்ட் குழுமமும் 2021இல் இத்தாலியின் ஓ.டி.பி. குழுமமும் வாங்கின. சாண்டர் 2012இல் மூன்றாம் முறை வந்து 2013இற் சென்றார். 2025இல் அதன் ஆக்கப் பொறுப்பு சிமோனே பெலோட்டியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அதற்குமுன் பணியாற்றியது பாலி என்னும் சுவிற்சர்லாந்து நிறுவனத்தில். 1851இல் தொடங்கி, சப்பாத்தாற் பெயர்பெற்றது அது.