ஓமவல்லி மணக்கும் உருண்டை ரொட்டி

ராசிபுரத்தில் என் சின்னம்மா வீட்டுப் பின்கட்டில், துவைக்கிற கல்லை ஒட்டி, உடைந்த பிளாஸ்டிக் குடம் ஒன்றில் ஓமவல்லி தழைத்துக் கிடக்கிறது. கற்பூரவல்லி என்பார்கள், எங்கள் வீட்டில் ஓமவல்லிதான். சளி பிடித்தால் கஷாயத்துக்கு, மழை பெய்தால் பஜ்ஜிக்கு என்று இரண்டு வேலைக்கு மட்டும் பறிக்கப்பட்ட செடி அது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தங்கச்சி ஒரு விடுமுறைக்கு வந்தபோது ரொட்டி மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அந்தச் செடிக்கு மூன்றாவதாக ஒரு வேலை சேர்ந்துகொண்டது.

பெரிய ஓட்டல்களில் சூப்போடு சின்னக் கூடையில் டின்னர் ரோல் கொண்டுவந்து வைப்பார்களே, அந்த வகை ரொட்டிதான் சின்னம்மா சுடுவதும். உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டை. மேலே தேன் நிறம், உள்ளே பஞ்சு. ஓட்டலில் தருவது பெரும்பாலும் வெறும் இனிப்பு வாடையோடு நின்றுவிடும். சின்னம்மாவின் ரொட்டியைப் பிய்த்தால் முதலில் ஓமவல்லி வாசத்தோடு வெண்ணெய் மணக்கும், பிறகு வதக்கிய பூண்டு, கடைசியில் மாவுக்குள் வெந்த ஓமவல்லி. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். அந்த வரிசைக்காகவே நான் சேலத்திலிருந்து பஸ் ஏறிப் போயிருக்கிறேன்.

சேலம், நாமக்கல் சமவெளி கோதுமை விளையும் பூமி இல்லை. சோளம், கம்பு, ராகி, நிலக்கடலை, மரவள்ளி என்று போகிற மண் இது. களி கிண்டத் தெரிந்த கைகள் இங்கே அதிகம். களிக்கு இழுவை தேவையில்லை. ராகி மாவிலோ கம்பு மாவிலோ இழுத்தால் நீளும் பசைப்புரதம் கிடையாது. இட்லி மாவு பொங்குவதும் வேறு வித்தை. அங்கே நொதிக்கும்போது எழும் காற்றைப் பிடித்து வைப்பது உளுந்தின் வழவழப்பு. கோதுமையில் அந்த வேலையைச் செய்வது குளூட்டன். தண்ணீர் பட்டு, பிசைந்து, இழுத்து, மடித்து, மறுபடி இழுத்தால்தான் அது வலையாகும். எங்கள் ஊர்களில் அந்த வலையைக் கையால் அறிந்தவர்கள் பரோட்டா மாஸ்டர்கள். மாவை அறைந்து, எண்ணெயில் ஊறவைத்து, கண்ணாடி மாதிரி விசிறுகிறார்களே, அது ரொட்டிக் கலையின் பாதி. மீதிப் பாதி ஈஸ்ட்.

இந்த மாவட்டத்துக்கும் புளிப்பேற்றலுக்கும் ஒரு பழைய கதை உண்டு. கோவாவில் பாவ் ரொட்டிக்கும் கேரளத்தில் அப்பத்துக்கும் மாவைப் பொங்க வைத்தது கள். பனையும் தென்னையும் சேலம் ஜில்லாவிலும் இருந்தன. ஆனால் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது இந்த ஜில்லாவில்தான். ராசிபுரம் இருக்கும் நாமக்கல் அப்போது சேலத்தோடு சேர்ந்திருந்தது, தனி மாவட்டமானது 1997-இல். கள் வைத்து மாவு புளிக்கவைக்கும் பழக்கம் இங்கே வீட்டுச் சமையலில் வேர்விடவில்லை. ரொட்டி என்றால் பேக்கரியில் வாங்குவது, காய்ச்சல்காரருக்குப் பாலில் தொட்டுத் தருவது, டீக்கடையில் பன்னைப் பிய்த்து டீயில் நனைப்பது. வீட்டில் சுடுகிற பண்டமாக அது மாற ஈஸ்ட் பாக்கெட்டும் மெஷினும் வரவேண்டியிருந்தது.

மெஷின் பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1980-களின் நடுவில் ஒசாகாவில் மட்சுஷிடா எலக்ட்ரிக் கம்பெனி, பின்னாளில் பானசோனிக் என்று பெயர் மாறிய அதே கம்பெனி, வீட்டுக்கான ரொட்டி மெஷின் செய்ய முனைந்தது. பிசைந்த மாவு சரியாக வரவில்லை. மேலே கருகியது, உள்ளே வேகவில்லை. எங்கே தப்பு என்று இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. இகுகோ தனாகா என்ற மென்பொருள் நிபுணர், ஊரிலேயே நல்ல ரொட்டி சுடுகிறவர் என்று பெயரெடுத்த ஒசாகா இன்டர்நேஷனல் ஓட்டல் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்ப் பிசையக் கற்றுக்கொண்டார். பக்கத்தில் நின்று பார்த்து, தானும் பிசைந்து, ஒரு நாள் பிடித்துவிட்டார்: அந்த ரொட்டிக்காரர் மாவை வெறுமனே இழுக்கவில்லை, இழுக்கும்போதே முறுக்குகிறார். ரொட்டிக்காரருக்கே சொல்லத் தெரியாத அசைவு அது. அந்த முறுக்கல் கிடைப்பதற்காகப் பாத்திரத்தின் உள்சுவரில் வரம்புகளை வைத்தார்கள். 1987-இல் மெஷின் கடைக்கு வந்தது. நோனகா, டகேயுச்சி என்ற இரு அறிஞர்கள் 1995-இல் எழுதிய நூல் வழியாக இந்தக் கதை மேலாண்மை வகுப்புகளுக்குப் போய்விட்டது. சமையலறைக்குள் இருக்கவேண்டிய கதை என்றே எனக்குப் படுகிறது. மெஷின் ஓடும்போது மூடியின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். அடியில் சுழலும் சின்ன இறக்கை மாவைத் தள்ளும். மாவு பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும். திரும்பும்போது ஒரு முறுக்கு விழும். ஒசாகாவில் யாரோ ஒருவருடைய மணிக்கட்டு அதற்குள் இருக்கிறது.

இன்னொரு தகவல் நம் ஊருக்கு இன்னும் நெருக்கம். வெயில் காலத்தில் மாவு வேகமாகப் புளித்துவிடுவது அவர்களுக்கும் சிக்கலாகத்தான் இருந்தது. தனியாகக் குளிரூட்டும் கருவி வைத்தால் விலை ஏறும். ஈஸ்ட்டை ஆரம்பத்தில் போடாமல் நடுவில் சேர்க்கும் பழைய முறையைக் கையில் எடுத்தார்கள். சேலத்தில் சித்திரை வெயிலில் இட்லி மாவு கரைத்து வைத்த எந்தப் பெண்ணுக்கும் இந்தத் தீர்வு சட்டென்று விளங்கும். சின்னம்மா யாரும் சொல்லாமலே ஈஸ்ட்டைக் கடைசியில் போடுகிறார்.

அவர் கணக்கு இது: மைதா 500 கிராம், பால் 260 மில்லி, ஒரு முட்டை, சர்க்கரை 40 கிராம், உப்பு 9 கிராம், வெண்ணெய் 50 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம். குளிர்ந்த ஊர்ப் புத்தகங்கள் 7 கிராம் ஈஸ்ட் சொல்லும். இங்கே அது அதிகம். பால் பிரிட்ஜிலிருந்து எடுத்தபடி, சில்லென்று. இதற்கு ரொட்டிக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பிசைந்த மாவு 27 டிகிரியில் இருக்கவேண்டும் என்றால் அதை மூன்றால் பெருக்குங்கள், 81. அறை 36, மைதா 35 என்றால் இரண்டையும் கழியுங்கள். மிச்சம் 10. பாலின் சூடு 10 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. மெஷின் சுழற்சியில் உண்டாகும் சூட்டையும் கழித்தால் அதற்கும் கீழே. 'வெதுவெதுப்பான பால்' என்று எழுதியிருக்கும் குறிப்புகளை மே மாதம் ராசிபுரத்தில் நம்பினால், வெகு சீக்கிரம் மாவு மூடியைத் தொடும், ரொட்டியில் சாராய நெடி அடிக்கும்.

மெஷின் ஓட ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பார்க்கவேண்டும். இந்த ஒரு வேலையை மெஷினிடம் விடவே கூடாது. சின்னம்மா என் கையைப் பிடித்து மாவில் வைத்துச் சொன்னார்: "தொட்டுப் பாரு கண்ணு. காது மடலு மாதிரி இருக்கோணும். ஒட்டுனா ஒரு ஸ்பூன் மாவு, வெடிச்சா ஒரு ஸ்பூன் பாலு. அதுக்கு மேல போட்டுறாத." மைதா ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு மாதிரி தண்ணீர் குடிக்கும். அளவு தெரிந்தவருக்கும் பதம் தெரியவேண்டும் என்பது அதனால்தான்.

இருபது நிமிஷம் ஆனதும் ஒரு நெல்லிக்காய் அளவு மாவைக் கிள்ளி, இரண்டு கை விரல்களாலும் மெல்ல மெல்ல விரிப்பார். கிழியாமல் விரிந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் விரல் நிழலாடவேண்டும். சேலம் வெண்பட்டு வேட்டியை வெயிலில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? அந்த மெலிவு, அந்தப் பளபளப்பு. முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. வெறும் மைதா மாவு அது!

இலைகளைச் சேர்ப்பது இதற்குப் பிறகுதான். பொருள் சேர்க்கச் சொல்லி மெஷின் கூவி அழைக்கும் நேரம் அது. ஓமவல்லியை அள்ளிப் போடத் தோன்றும்; போடக்கூடாது. ஓமத்துக்கும் ஓமவல்லிக்கும் காரமான மணத்தைத் தருகிற தைமாலும் கார்வக்ராலும் கிருமிகளை அடக்கும் சரக்குகள். நெஞ்சுச் சளிக்குக் கேட்பதும் அந்த மணச்சரக்குதான், அளவு மிஞ்சினால் ஈஸ்ட்டை முடக்குவதும் அதுதான். பச்சைப் பூண்டும் அப்படியே. ஈஸ்ட்டையும் மந்தமாக்கும், மாவின் இழுவையையும் தளர்த்தும். அதனால் சின்னம்மா நாலு பல் பூண்டை வெண்ணெயில் பொன்னிறமாக வதக்கி ஆறவைத்துவிடுவார். ஓமவல்லி மூன்று இலை போதும், பொடிப்பொடியாக அரிந்து. கூடவே ஒரு கைப்பிடி கொத்தமல்லி, கழுவித் துணியில் ஒற்றி ஈரம் போன பிறகு. ஈரத்தோடு போட்டால் பார்த்துப் பார்த்துப் பிடித்த பதம் ஒரு நொடியில் குழைந்துவிடும். கால் ஸ்பூன் மிளகு ஒன்றிரண்டாகத் தட்டியது. கொல்லிமலை மிளகு கிடைத்தால் வேறெதையும் தொடவேண்டாம்.

பீட்சா மேலே தூவ வரும் காய்ந்த இலைப் பொட்டலங்களைப் பலர் இதில் கொட்டுகிறார்கள். ஆரிகனோவின் மணத்துக்கும் தைமின் மணத்துக்கும் காரணம் இதே கார்வக்ராலும் தைமாலும்தான். கொல்லையில் பச்சையாக நிற்பதை விட்டுவிட்டு அதன் காய்ந்த ஒன்றுவிட்ட உறவைக் காசு கொடுத்து வாங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பச்சிலை போட்ட ரொட்டி தென்னாட்டுக்குப் புதிதும் இல்லை. பெங்களூர் ஐயங்கார் பேக்கரிகளின் காரா பன்னில் கொத்தமல்லி, கறிவேப்பிலை, பச்சைமிளகாய், வெங்காயம் எல்லாம் மாவோடு சேர்ந்து வெந்திருக்கும். சில கடைகளில் சதகுப்பைக் கீரையும் உண்டு. என் நாக்குக்கு அதுவே நம் பக்கத்து ஹெர்ப் ரோலின் மூத்த அக்கா.

மாவுக்கான ஓட்டம் முடிய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அதோடு மெஷினை நிறுத்திவிட வேண்டும். அதிலேயே சுட்டால் ரொட்டி கட்டை மாதிரி சதுரமாக நிற்கும், அடியில் இறக்கை குத்திய ஓட்டை இருக்கும், மேல்தோல் தடிக்கும். மெஷினின் பெருமை பிசைவதிலும் பொங்கவைப்பதிலும் முடிகிறது. உருட்டுவது கையின் வேலை.

அறுபது அறுபது கிராமாகப் பதினைந்து உருண்டை. எள்ளுருண்டை பிடிக்கிற கை இதற்கு ஆகாது. அங்கே அழுத்தம், இங்கே அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்று செத்துவிடும். மாவு தூவாத பலகையில் துண்டை வைத்து, உள்ளங்கையைக் கிண்ணம்போல் கவிழ்த்து, சுண்டுவிரல் பக்கம் பலகையை உரச, சின்ன வட்டமாகச் சுற்றுவார். நாலே சுற்று. மேல்தோல் இழுபட்டு இறுகும், அடியில் கொப்பூழ் மாதிரி ஒரு முடிச்சு விழும். அந்த இறுக்கம்தான் ரொட்டியைப் பரவவிடாமல் மேலே எழுப்புகிறது. நான் உருட்டியவை தட்டையாகப் பரவும்போது அவருடையவை பக்கத்திலேயே குண்டாக நிற்கும். அடுப்பு ஒன்று, மாவு ஒன்று, விரல் மட்டும் வேறு.

தட்டில் அடுக்கி ஈரத்துணி மூடி முக்கால் மணி நேரம். வெயில் நாளில் அரை மணியே போதும். விரலால் லேசாக அழுத்தினால் குழி மெதுவாகப் பாதி திரும்பவேண்டும்; துள்ளித் திரும்பினால் இன்னும் நேரம் வேண்டும், திரும்பாமலே கிடந்தால் நேரம் தவறிவிட்டது. பிறகு ஒரு முட்டையை ஒரு ஸ்பூன் பாலோடு அடித்து மேலே தடவுவார். நாமக்கல் முட்டை விலை தினசரிப் பேப்பரில் வருகிற ஊர்க்காரர்கள் நாங்கள். அந்த ஒரு முட்டைக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. எள் தூவி, ஓவனில் 180 டிகிரியில் பதினெட்டு நிமிஷம்.

வெளியே எடுத்த சூட்டோடு, ராசிபுரத்து வெண்ணெயில் அரிந்த ஓமவல்லி இன்னும் இரண்டு இலை போட்டு உருக்கி மேலே தடவுவது கடைசிக் கட்டம். இந்த ஊர் நெய்க்குப் பேர்போனது. நெய்யாகிற வெண்ணெயின் ருசி எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. மாவுக்குள் வெந்த இலை மணம் அடங்கிப் பின்னால் நிற்கும், வெண்ணெயில் விழுந்த இலை மணம் முன்னால் வரும். முதலில் சொன்னேனே, மூன்று மணமும் வரிசையாக வருகிறதென்று, அதன் ரகசியம் இந்த இரண்டு தவணை.

மைதா வடக்கேயிருந்து வந்த கோதுமை. மெஷின் கடல் தாண்டி வந்தது. ஈஸ்ட் பாக்கெட்டில் வந்தது. வெண்ணெயும் முட்டையும் மிளகும் இலையும் இங்கத்தியவை. இந்தக் கடைசி நாலும்தான் அந்த ரொட்டியை ராசிபுரத்து ரொட்டியாக்குகின்றன. யாழ்ப்பாணத்தார் போர்த்துக்கீசியர் சொல்லைப் பாண் என்று எடுத்துக்கொண்டு, சம்பலோடு சேர்த்து அதைத் தங்கள் சாப்பாடாக்கிக்கொண்டதும் இப்படித்தான் நடந்திருக்கும்.

சூப்பைத் தேடவேண்டாம். பள்ளிபாளையம் சிக்கன் இருக்கிறதே, சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தேங்காய்ப் பல்லுமாகச் சிவந்து கிடக்கும் நாமக்கல் மாவட்டத்துக் கோழி வறுவல், அந்த வாணலியின் அடியில் நிற்கும் எண்ணெயில் இந்த ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிடவேண்டும். பஞ்சு மாதிரி இருக்கும் உட்பகுதி காரத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஓமவல்லி அதைத் தணிக்கும். கோழி வேண்டாதவர்களுக்குப் பூண்டு ரசம், அதுவும் குறைந்ததில்லை.

வீட்டில் மெஷின் வைத்திருப்பவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். பால் சில்லென்று இருக்கட்டும், ஈஸ்ட் 5 கிராமைத் தாண்டவேண்டாம், ஓமவல்லி மாவுக்கு மூன்று இலை, வெண்ணெய்க்கு இரண்டு. செடி இல்லையென்றால் பக்கத்து வீட்டில் ஒரு கிளை கேட்டு வாங்கி நடுங்கள். ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும்.