சட்டத்தில் இல்லாத சொல்

சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் கேட்பது மிகக் கொஞ்சம். உறவினர், நண்பர் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில், ஒருவரை ஒருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகத் தங்களுக்குப் புரிந்த மொழியில் சொல்ல வேண்டும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்ற வேண்டும். அல்லது தாலி கட்ட வேண்டும். இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவு இவ்வளவுதான் சொல்கிறது. ஊரறிய நடக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

ஆனால் 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படித்தான் பொருள் கொண்டது. வழக்கறிஞர் அலுவலகத்தில், முன்பின் அறியாத சிலர் முன்னிலையில் ரகசியமாக நடப்பது 7ஏ பிரிவின்படி திருமணம் ஆகாது என்றது. போலித் திருமணங்கள் பற்றிய அதன் கவலை நியாயமானது. திருமணம் என்பது சமூகம் அறிய நடக்கும் சடங்கு என்ற எண்ணத்தைச் சட்டத்தின் நோக்கமாக எடுத்துக்கொண்டதில்தான் பிழை நேர்ந்தது.

சட்டம் எந்தக் குறையைப் போக்க வந்ததோ அதை மனத்தில் வைத்துச் சொற்களைப் படிப்பது பழைய முறை. இங்கிலாந்தின் 1584ஆம் ஆண்டு ஹெய்டன் வழக்கிலேயே அது வகுக்கப்பட்டுவிட்டது. 7ஏ போக்க வந்த குறை என்ன? 1953இல் சென்னை உயர் நீதிமன்றம், சடங்கும் தொன்மையான வழக்கமும் இல்லாததால் புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. தம்பதிகளின் சட்ட நிலையும் பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஆட்டம் கண்டன. அண்ணா தலைமையிலான அரசு 1967இல் கொண்டுவந்த திருத்தம் இதைத்தான் சரிசெய்தது. முன்பே நடந்த திருமணங்களுக்கும் அது செல்லுபடி தந்தது. ஆக, நிபந்தனைகளைக் குறைக்கப் பிறந்த பிரிவு இது. அதன் பெயரால் புதிய நிபந்தனை ஒன்றை ஏற்றியது சட்டத்தைத் தலைகீழாகப் படித்ததாகும்.

உச்ச நீதிமன்றம் 2001இல் இதே பிரிவைச் சரியாகப் படித்தது. மனைவி இருக்க இன்னொருத்திக்குத் தாலி கட்டியவர், சப்தபதி என்னும் ஏழடிச் சடங்கு நடக்காததால் இரண்டாவது திருமணமே செல்லாது, எனவே குற்றமும் இல்லை என்று வாதிட்டார். 7ஏ பிரிவின்படி சப்தபதி தேவையில்லை, திருமணம் முறைப்படி நடந்ததே, ஆகவே குற்றமும் நிற்கும் என்றது நீதிமன்றம். மணமக்களுக்கு உரிமை தந்த சொற்களே முதல் மனைவிக்கும் பாதுகாப்பாயின.

சென்னை உயர் நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் நின்றது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ரவீந்திர பட், அரவிந்த் குமார் அமர்வு அதன் கருத்தை நிராகரித்தது. குடும்ப எதிர்ப்புக்கும் உயிருக்கும் அஞ்சி மணம் செய்பவர்களைப் பகிரங்கமாக அறிவிக்கச் சொல்வது அவர்களை ஆபத்தில் தள்ளும் என்றது. வழக்கறிஞர்கள் தொழில்முறையில் அல்லாமல் நண்பர்களாக, உறவினர்களாகச் சாட்சி நிற்கலாம் என்றும் தெளிவுபடுத்தியது. சாதி மீறிக் காதலித்ததற்காகக் கொலை நடக்கும் மண்ணில் இது சட்ட நுணுக்கம் மட்டும் அல்ல, உயிர் காக்கும் தீர்ப்பு.

அப்படியானால் நீதிபதி சொற்களைத் தாண்டவே கூடாதா? சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல், இந்துத் திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்றது. தம் பாலின அடையாளத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014லேயே ஏற்றிருந்தது. மதுரைத் தீர்ப்பு அந்த அடித்தளத்தில் நின்றது. சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் சொல்லுக்குள் ஒருவருக்கு இடம் தந்தது. இது துணிச்சலான வாசிப்பு, வரம்பு மீறல் அல்ல. 2023 அக்டோபரில் தன்பாலினத் திருமண வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பைச் சுட்டியது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் சொற்களைச் சேர்ப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. அதன் முடிவு பலருக்கு வலி தந்தது. ஆனால் நல்ல நோக்கத்தோடு சொற்களைச் சேர்க்கும் கை, 2014இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்ததுபோல, உரிமையைப் பறிக்கவும் சேர்க்கும்.

நோக்கம் பார்த்துப் பொருள் கொள்ளும் முறையின் பலவீனம் இதுதான்: எது நோக்கம் என்று நீதிபதியே முடிவு செய்கிறார். அதைச் சட்டத்தின் வரலாற்றிலும் வாசகத்திலும் காட்டாத தீர்ப்பு, சொந்தக் கருத்தைச் சட்டமாக்குகிறது. போலித் திருமணங்களைத் தடுப்பதற்கு 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் தமிழ்நாட்டில் உண்டு. அது போதவில்லை என்றால் சட்டமன்றம் அதைத் திருத்தட்டும். நீதிமன்றங்கள் 7ஏ பிரிவை எழுதியிருக்கிறபடியே விட்டுவிடட்டும்.