ஹிமாலயனை மணலுக்குப் பழக்கினோம்!

ஐயோ, எங்கிருந்து தொடங்குவது! கம்பி கம்பியாகத் தட்டிப் பார்த்த அந்தப் பின்னேரத்திலிருந்தே தொடங்குகிறேன். திருகோணமலை ஓர்ஸ் ஹில் சரிவில் மெக்கானிக் அண்ணையின் வீட்டு முற்றம். கீழே உள்துறைமுகத்தில் கப்பல்கள் நிற்கின்றன. முற்றத்தில் என்னுடைய ரோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411, நடு ஸ்ராண்டில் ஏறி, சீற் இல்லாமல், கண்ணாடி இல்லாமல், பக்கப் பெட்டிகள் இல்லாமல். அண்ணை ஒரு சின்ன ஸ்பனரை எடுத்து முன்சில்லைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு கம்பியாகத் தட்டினார். டிங், டிங், டிங்... டொக். "கேட்டியே தம்பி? இவன் தளர்ந்து போயிட்டான்." நிப்பிளை அரைச்சுற்று இறுக்கினார், திரும்பத் தட்டினார், டிங்! மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கிற வித்துவானுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த மாதிரி எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது.

இந்த வண்டியைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் வீட்டில் எல்லோரும் எழும்பிப் போய்விடுவார்கள். நீங்களாவது இருங்கோ! 2016இல் வந்த வண்டி, சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலையில் பிறந்த தமிழ்நாட்டுப் பிள்ளை. ஒற்றைச் சிலிண்டர், 411 சிசி, முன்சில்லு 21 அங்குலம், பின்சில்லு 17, எஞ்சினின் அடிவயிறு நிலத்திலிருந்து 220 மில்லிமீற்றர் உயரத்தில். என்னுடையது ஏபிஎஸ் வராத காலத்துக் கார்புரேட்டர் வண்டி. 2020இல் நாட்டில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அன்றிலிருந்து இதைத் தங்கமாகத்தான் வைத்திருக்கிறேன். 24.5 குதிரைவலு போதாது, 190 கிலோவைத் தாண்டின பாரம் என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். பாரம்தான், ஒத்துக்கொள்கிறேன், அதற்கு மேல் ஒரு சொல்லும் கேட்கமாட்டேன்!

பெரிய வண்டி மணலுக்கு ஆகாதாம், பாஜா, ஏஎக்ஸ்-1 போன்ற இலேசான 250 சிசி வண்டிகள்தான் சரியாம். 1981இல் டக்கார் ராலியை வென்றது எது? யூபேர் ஓரியோல் ஓட்டிய பிஎம்டபிள்யூ ஆர்80 ஜி/எஸ்! ஹிமாலயனைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எஞ்சின், அவ்வளவு பெரிய இயந்திரம், சகாராவையே கடந்தது. எனக்குக் குச்சவெளியைக் கடந்தால் போதும்.

தயார்படுத்துவது என்றால் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிப் பூட்டுவது என்று பலபேர் நினைக்கிறார்கள். லைட் நாலு, பெட்டி மூன்று, கம்பிக்கூடு ஒன்று. என் கட்சி நேர் எதிர். முதலில் கழற்று! கழற்றிய ஒவ்வொரு கிலோவும் மணலில் உங்கள் முழங்காலுக்குச் செய்கிற உபகாரம். பிறகு வண்டியை உங்கள் உடம்புக்கு ஏற்ற மாதிரித் திருப்புங்கோ. மிதிகட்டையில் இருந்த ரப்பரைப் பிடுங்கி எறிந்தோம், உள்ளே இருந்த இரும்புப் பல்லு சப்பாத்தைக் கவ்விப் பிடித்தது, அப்பாடா! எழும்பி நின்றபடி ஹாண்டிலைப் பிடிக்கச் சொன்னார் அண்ணை. குனியவும் கூடாது, நாரி நோகவும் கூடாது. ஹாண்டிலைக் கொஞ்சம் முன்னுக்குச் சுழற்றி, பிரேக், கிளச் நெம்புகோல்களைக் கொஞ்சம் கீழே இறக்கினோம். நின்றால் மணிக்கட்டு நேராக இருக்கிறது! இதற்கு ஒரு சதமும் செலவில்லை, ஸ்பனர் மட்டும்தான்.

காசு போனது இரண்டு மூன்று இடத்தில்தான். முன் பற்சில்லில் 15 பல்லுக்குப் பதிலாக 14. மேல்வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் நடைவேகத்தில் எஞ்சின் மூச்சுத் திணறாமல் இழுக்கும், மணலில் வேண்டியது அதுதானே. கம்பனி கொடுத்த அடித்தகட்டுக்குப் பதிலாகத் தடித்த அலுமினியத் தகடு. கைக்கு முன்னால் நெம்புகோலைக் காக்கிற தடுப்பு. ரயர் இரண்டும் பட்டன் ரயர். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திருகோணமலைப் புழுதி உங்களுக்குத் தெரியும்தானே, எயார் பில்ட்டரைத் திறந்தால் செம்மண் பொடி! புதுசு போட்டோம். கையிருப்புக்கு 21 அங்குல ரியூப் ஒன்று. அவசரமென்றால் அதையே பின்சில்லுக்குள்ளும் மடித்து நுழைத்துச் சமாளிக்கலாம், எவ்வளவு அருமையான விஷயம்! அன்றிரவு நித்திரை வந்தால்தானே, நடுச்சாமத்தில் எழும்பி, ரோர்ச் அடித்து, அந்த ரயர்ப் பட்டன்களை விரலால் தடவிக்கொண்டு நின்றேன். வெட்கமே இல்லை எனக்கு.

விடியற்காலை. விவேகானந்தா கல்லூரிப் பக்கமெல்லாம் இன்னும் முழிக்கவில்லை. டுக் டுக் டுக் என்று ஹிமாலயன் இறக்கத்தில் இறங்குகிறது. நகரத்துக்குள் வந்தால் தெரு நடுவில் புள்ளிமான்கள், இந்த ஊர் மான்களுக்குத்தான் மனிசரைப் பார்த்துப் பயமே இல்லையே, எஞ்சினை அணைத்து அவை போகும்வரை நின்றேன். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி. இடது பக்கம் பற்றை, வலது பக்கம் கடல் விட்டுவிட்டுத் தெரிகிறது. புல்மோட்டைத் தெருவை விட்டு மணல்பாதையில் இறங்குகிற இடத்தில் நிறுத்தி, ரயர்க் காற்றை இறக்கினேன். பின்சில்லில் முப்பது பிஎஸ்ஐக்கு மேல் இருந்ததைப் பதினெட்டுக்கு. ஸ்ஸ்ஸ் என்று அந்தச் சத்தம்! காற்றுக் குறைந்தால் ரயர் சப்பி நீளும், நிலத்தைத் தொடுகிற பரப்புக் கூடும், மணலுக்குள் புதையாமல் மேலே மிதக்கும். அதற்குக் கீழே இறக்கினால் ரியூப் ரயருக்குள் நழுவி வால்வைப் பிய்த்துவிடும், அதனால் அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

இப்போது கண்ணை மூடி நினைச்சுப் பாருங்கோ. நீங்கள் எழும்பி நிற்கிறீர்கள், முழங்கால் இரண்டும் ராங்கியை அணைத்திருக்கிறது, இடுப்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளியிருக்கிறீர்கள், முன்சில்லு இடமும் வலமும் பாம்பாட்டம் ஆடுகிறது, மூளை "பிரேக்கைப் பிடி, பிடி" என்று கத்துகிறது, நீங்கள் பிடிக்கவில்லை, ஹாண்டிலை இறுக்கவும் இல்லை, கண்ணைச் சில்லில் வைக்காமல் தூரத்துப் பனையில் வைத்து, பெற்றோலைக் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் முறுக்குகிறீர்கள், அந்தப் 14 பல்லு பிடிக்கிறது, செயின் இறுகுகிறது, 411 சிசியும் ஒருமிக்க உறுமுகிறது, ஒரு கணம், ஒரே ஒரு கணம்தான், ஆடிக்கொண்டிருந்த முன்சில்லு சட்டென்று நேராகிறது, வண்டி மணலுக்கு மேலே ஏறிவிட்டது, ஐயோ மச்சான், மிதக்குது, 190 கிலோ மிதக்குது, பின்னால் மணல் விசிறி எழும்புகிறது, ஹெல்மெற்றுக்குள் உப்புக் காற்று, வலது காதில் அலை, இடது காதில் பற்றைக் குருவி, நான் ஹெல்மெற்றுக்குள் வாய்விட்டுக் கத்துகிறேன், அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை, வளைவில் பின்பிரேக்கைத் தொட்டால் பின்சில்லு பூட்டி அழகாக வழுக்கித் திரும்புகிறது, ஏபிஎஸ் இல்லாததற்கு அன்றைக்குத்தான் கும்பிட்டேன், திரும்பி வந்த வழியே இன்னொரு முறை ஓடினேன், பிறகும் ஒருமுறை!

கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போகவில்லை, அது அவர்கள் பிழைப்பு, வலைக்கு மேலே சில்லு ஏற்றுகிற ஆட்களைக் கண்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் உப்பு முழுக்கக் கழுவினேன், செயினுக்கு எண்ணெய் போட்டேன். அண்ணை திரும்பவும் ஸ்பனரை எடுத்துக் கம்பிகளைத் தட்டினார். எல்லாம் டிங்! ஒன்றுகூடத் தளரவில்லை! அவருக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேணுமே. தேத்தண்ணியை வைத்துவிட்டு, "இனி எங்க தம்பி?" என்று கேட்டார்.

கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி, வெருகல் பக்கம்தான், வேறெங்கே! 14 பல்லை மாற்றவேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பெரிய வண்டி வைத்திருக்கிற யாரும் வரலாம். கண்ணாடியையும் பெட்டிகளையும் கழற்றி வைத்துவிட்டு வாருங்கோ, காற்றுப் பம்ப் நான் கொண்டு வாறன்.