மூன்றாம் பிறையும் மலையின் வெள்ளையும்

1982-ஆம் ஆண்டு வெளிவந்த ‘மூன்றாம் பிறை’ திரைப்படத்தை எழுதி இயக்கிய பாலு மகேந்திராவே அதன் ஒளிப்பதிவையும் செய்தார். அதற்காகத் தேசிய விருதும் பெற்றார். அப்படத்தில் ஒளியின் நிறத்தை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

கேத்தி ரயில் நிலையத்தில் நிகழும் இறுதிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். மழை பெய்கிறது, வெயிலின் சுவடே இல்லை. குளிர்ந்த, மங்கலான அந்த ஒளியே பிரிவின் துயரைப் பாதி சொல்லிவிடுகிறது. அதன் மீது பொன்னிறம் பூசியிருந்தால் காட்சியே பொய்த்திருக்கும்.

இந்தக் குளிர்ச்சியை இயற்பியல் எண்ணால் குறிக்கிறது. ஒரு கரும்பொருளைச் சூடேற்றினால் முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், இறுதியில் நீலங்கலந்த வெண்மை பெறும். ஓர் ஒளியின் நிறத்தை ஒத்த நிறத்தில் கரும்பொருள் ஒளிரும் வெப்பநிலையே அவ்வொளியின் நிற வெப்பநிலை. மெழுகுவர்த்திக்குச் சுமார் 1900 கெல்வின்; குண்டு பல்புக்கு 2800; நண்பகல் வெயிலுக்கு 5500; மேகம் மூடிய வானுக்கு 6500 அல்லது அதற்கும் மேல். நாம் ‘குளிர்ந்த நிறம்’ என்பதற்கே வெப்பநிலை அதிகம் என்பது விந்தையன்றோ!

பிலிம் காலத்தில் எது வெள்ளை என்பதை ஒளிப்பதிவாளர் தீர்மானித்தார். பிலிமின் ரகம், வடிகட்டி, ஆய்வகத்தில் செய்யும் நிறத்திருத்தம் ஆகியவை அவருடைய கருவிகள். இன்று கைப்பேசி தானாகவே தீர்மானிக்கிறது. இங்குதான் நம் குறை.

படத்திலுள்ள நிறங்களின் சராசரி சாம்பலாக இருக்கும் என்பது தானியங்கி முறைகளில் பழையதும் எளியதுமான ஒன்றின் ஊகம். குன்னூர்த் தேயிலைச் சரிவில் எங்கும் பச்சை. அதை ஒளியின் குற்றமெனக் கருதி, கருவி எதிர் நிறமான கருஞ்சிவப்பைக் கூட்டுகிறது. இலை வெளிறுகிறது, மூடுபனி இளஞ்சிவப்பாகிறது. தொலைமலையின் நீலமோ இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. அதை நீக்க முயன்றால், அருகில் நிற்பவரின் வெள்ளைச் சட்டை மஞ்சளாகிவிடும். ஏனெனில் திருத்தம் படம் முழுவதையும் பாதிக்கிறது.

அப்படியானால் திருத்தவே கூடாதா? அதுவும் சரியன்று. நம் கண்ணும் ஒளிக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஆனால் முழுமையாக அன்று. ஆகவே மழைநாளில் வெள்ளைத் தாள் வெள்ளையாகவே தோன்றினாலும், குளிர்ச்சியை நாம் உணர்கிறோம். நல்ல படம் இவ்விரண்டுக்கும் இடையே நிற்க வேண்டும்.

கைப்பேசியில் வசதியிருந்தால் தானியங்கியை நிறுத்தி, 5500 கெல்வினில் ஒரு படமும் 6500-இல் ஒரு படமும் எடுத்து ஒப்பிடுங்கள். பின்னதில் நீலம் குறைந்திருக்கும். எது நீங்கள் கண்ட மலை என்பதை நீங்களே தீர்மானியுங்கள். பாலு மகேந்திரா செய்ததும் அத்தகைய தீர்மானமே. நீலகிரியின் நீலத்தை இயந்திரத்தின் சராசரிக்குப் பலியிட வேண்டியதில்லை.