பழைய மெயில்களைக் குடிமாற்றும் தண்டர்பேர்டு

குடுபல்லிப் பக்கம் ஒரு சின்ன கிரானைட் ஆபீஸில் விண்டோஸ் 7 கம்ப்யூட்டரை ஓரங்கட்டிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினார்கள். குப்பம் கிரீன் கல் கேட்ட வெளியூர் வியாபாரிகளின் ஆர்டர், பிளாக் அளவுப் பட்டியல், போட்டோ, இன்வாய்ஸ் எல்லாம் பழைய மெஷினின் மெயிலுக்குள்தான் கிடக்கின்றன. "பாஸ்வேர்டு போட்டா புதுசுலயும் வந்துடும்ல அண்ணா?" என்றார் கணக்கு எழுதும் தம்பி.

வராது. அது பாப் முறையில் இறக்கிய மெயில். சர்வரிலும் ஒரு பிரதி இருக்கட்டும் என்று செட்டிங்கில் சொல்லி வைக்காவிட்டால், கம்ப்யூட்டருக்கு இறங்கியதும் சர்வரில் இருப்பது அழிந்துவிடும். ஆக, அந்தப் பழைய ஹார்ட் டிஸ்கில் இருப்பதுதான் ஒரே பிரதி. ஜிஎஸ்டி சட்டமோ, ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு ஆவணங்களைப் பத்திரப்படுத்தச் சொல்கிறது. இன்வாய்ஸ் மெயிலில் மட்டும் இருக்கிற ஆபீஸுக்கு இது விளையாட்டுக் காரியம் இல்லை.

அங்கே ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் லைவ் மெயில். 2017 ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டுவிட்டது. ஆனாலும் அதில் ஒரு நல்ல குணம் உண்டு: ஒவ்வொரு மெயிலையும் தனித்தனி இஎம்எல் கோப்பாகச் சேமிக்கும். மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரைத் திறந்து அந்த மெயில் கோப்புகள் மொத்தத்தையும் பென் டிரைவில் நகலெடுத்தோம். புது கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளைப் போட்டு, 'இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி' என்ற இலவச ஆட்-ஆனைச் சேர்த்து, உள்ஃபோல்டர்களோடு சேர்த்து இழு என்று சொன்னோம். மெயில்கள் தேதியோடும் இணைப்புகளோடும் வந்து உட்கார்ந்தன. இந்த வசதியைத் தண்டர்பேர்டிலேயே வைத்திருக்கலாம். ஆட்-ஆன் தேடிப் போக வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

2004 டிசம்பரில் முதல் முழுப் பதிப்பு வந்த இந்த மென்பொருளை நான் நம்புவதற்குக் காரணம், அது மெயிலை வைத்திருக்கும் விதம். ஒரு ஃபோல்டருக்கு ஒரே கோப்பு. நோட்பேடில் திறந்தாலே அனுப்பியவர், தேதி, பொருள் எல்லாம் வரிவரியாகத் தெரியும். இணைப்புகள் மட்டும் புரியாத எழுத்துக் குவியலாக இருக்கும். பக்கத்தில் எம்எஸ்எஃப் என்று முடியும் சின்னக் கோப்பு, வெறும் அட்டவணை. ஃபோல்டரில் மெயில் குறைவாகத் தெரிந்தால், தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த அட்டவணையை அழித்துப் பாருங்கள். அதுவே புதிதாக எழுதிக்கொள்ளும். நாளைக்குத் தண்டர்பேர்டே இல்லாமல் போனாலும் மெயில் படிக்கக் கிடைக்கும்.

அடுத்த முறை கம்ப்யூட்டர் மாற்றும்போது வேலை இன்னும் சுலபம். டூல்ஸ் மெனுவில் உள்ள எக்ஸ்போர்ட், எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டித் தரும். ஆனால் 2 ஜிபி வரைதான். கல் போட்டோ வந்து குவியும் ஆபீஸுக்கு இது எந்த மூலைக்கு? ஆகவே புரொஃபைல் ஃபோல்டரையே நகலெடுப்பதுதான் சரி. ஹெல்ப் மெனுவின் டிரபுள்ஷூட்டிங் பக்கத்தில் அது இருக்கும் இடம் தெரியும். தண்டர்பேர்டை மூடிய பிறகே நகலெடுக்க வேண்டும். முகவரிப் புத்தகம், ஃபில்டர், பாஸ்வேர்டு எல்லாம் கூடவே வரும். புது மெஷினில் அதே பதிப்போ அதற்குப் பிந்தியதோ இருக்கட்டும். பழைய பதிப்பு அந்தப் புரொஃபைலைத் திறக்க மறுக்கும்.

பென் டிரைவையும் பாருங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்தது 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. வருடக்கணக்கில் காலி செய்யாத இன்பாக்ஸ் ஒன்றே அதைத் தாண்டிவிடும். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொண்டால் பிரச்சினை இல்லை.

அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு இதே உற்சாகத்தோடு சிபாரிசு செய்ய மாட்டேன். அதன் பிஎஸ்டி கோப்பைத் தண்டர்பேர்டு நேரடியாகப் படிக்காது. அதே கம்ப்யூட்டரில் அவுட்லுக்கும் இருந்தால்தான் இழுக்க முடியும். அவர்கள் பழைய மெஷின் உயிரோடு இருக்கும்போதே மெயிலைச் சர்வரிலேயே வைத்திருக்கும் ஒரு ஐமேப் கணக்கை அவுட்லுக்கில் சேர்த்து, முக்கியமான ஃபோல்டர்களை அதில் நகலெடுத்துவிடலாம். ஜிமெயிலின் இலவச 15 ஜிபி பெரும்பாலான சின்ன ஆபீஸ்களுக்குப் போதும்.