கேட்கும் பிள்ளையும் கேளாத சபையும்

நம் வாலிபர் கூட்டங்களுக்கென எழுதப்படும் கதைகளில், ஐயுற்றுக் கேள்வி கேட்கும் இளைஞன் இறுதிப் பக்கத்தில் தவறாது மனந்திரும்பிவிடுகிறான். அவன் கேட்ட கேள்வியோ விடையின்றியே நிற்கிறது. இவற்றுக்கு நேர்மாறானது, 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' என்னும் தன்வரலாற்றுப் புதினம்.

சிறுமி ஒருத்தி, தன் தெருப் பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் தாங்காமல் நூலைப் பிடித்துத் தூக்கிச் செல்வதைக் கண்டு நகைக்கிறாள். அவர் கை பட்டால் நிலவுடைமையாளருக்குத் தீட்டு என்று அண்ணன் விளக்கியதும் நகைப்பு மறைகிறது. அன்று எழுந்த கேள்வி, பின்னாளில் அவள் விரும்பிச் சேர்ந்த கன்னியர் மடத்திலும் தொடர்கிறது. ஏழைகளுக்கு ஊழியஞ்செய்யச் சென்றவள், வசதியுடையோர் பிள்ளைகளே அங்குப் பேணப்படுவதைக் கண்டு வெளியேறுகிறாள்.

கூர்ந்து நோக்கின், கடவுள் உண்டா என்பது அவள் கேள்வியன்று. அவர்முன் யாவரும் சமம் எனக் கற்பித்த சபை அதன்படி ஏன் நடக்கவில்லை என்பதே. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, இரண்டாவதைக் கேட்பவரை அவிசுவாசி எனத் தள்ளுவது நமது பெரும்பிழை. எபிரெயர் 4:12இல் நம் பழைய மொழிபெயர்ப்பு பட்டயத்தின் கூர்மைக்குக் கையாளும் சொல்லும் 'கருக்கு' என்பதே. ஆசிரியரும் தம் முன்னுரையில் பனங்கருக்கைத் தேவவசனத்தோடு இணைத்தே காண்கிறார். அவரது சினம் திருமறையில் வேர்கொண்டது. மடத்தில் உள்ளோர் எவரும் தனியுருப் பெறாமல் ஒரே கூட்டமாகத் தோன்றுவது நூலின் குறையே. எனினும் கேள்வியின் வலிமை அதனால் குன்றவில்லை.

இது கத்தோலிக்கர் சிக்கல் என நாம் விலகிக்கொள்ள இயலாது. மணம் பேசுகையில் சாதி பார்க்கும் வழக்கம் நம்மிடத்தும் ஒழிந்தபாடில்லை. வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரச் சபைகளில் தோல் பதனிடுவோர், காலணித் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். பெற்றோரின் தொழிலை ஊர் இழிவாகப் பேசுவதை அவர்கள் அறிவர். அத்தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்தது பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. வழக்குத் தொடுத்தது வேலூர்க் குடிமக்கள் நல மன்றம். அந்நாளில் சபை என்ன செய்தது என்று அவர்கள் வினவினால் நம் மறுமொழி யாது?

யோப்பாவில் பேதுரு தங்கியது தோல் பதனிடும் சீமோன் வீட்டில். எம்மனிதரையும் தீட்டுள்ளவராக எண்ணலாகாது என்று அவர் கற்றது அவ்வீட்டு மாடியிலேயே. மறுத்துப் பேசிய அவரை ஆண்டவர் தள்ளிவிடவில்லை. மும்முறை பொறுமையுடன் உணர்த்தினார். 'கருக்கு' நூலை வாலிபரிடம் கொடுக்குமுன் ஆயர்கள் தாமே வாசிக்கட்டும். பின்னர், விடைகூற விரையாமல் செவிகொடுக்கட்டும்.